தெற்கே சாய்ந்த குலை

மகளின் நிச்சயதார்த்தத்தன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஆவணி மாதம். வீட்டு முன்கூடம் நிறைய ஆட்கள். தட்டு மாற்றி முடித்து, கல்யாணத்தைத் தை மாதக் கடைசியில் வைத்துக்கொள்வதாகப் பேசி, மண்டபம், மேளம், சாப்பாடு என்று பேச்சு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம், அதிர்ந்து பேசாதவர். வாழைமரத்தைப் பற்றி நீங்கள் அலைய வேண்டாம், அலங்காரம் செய்கிறவர்களே பிளாஸ்டிக்கில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும் என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் பிளாஸ்டிக் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளே சுர்ரென்று ஏறிவிட்டது.

"வாழமரம் எங்க வீட்டுலேருந்து வரும்," என்றேன். "கொலையும் பூவுமா ரெண்டு மரம். நான் தரேன் லா."

என் கணவர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். லாரி ஓட்டிய மனிதர், முழங்கால் வலியால் இப்போது வீட்டோடு இருக்கிறார். அதிகம் பேச மாட்டார், பார்வையாலேயே பேசிவிடுவார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதுதான் அந்தப் பார்வைக்குப் பொருள். அவர் பார்த்ததும் நியாயம்தான். என்னிடம் வாழை இருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு அவை இரண்டும் என் தலைக்கு மேல் ஒரு முழம்தான் நின்றன.

எங்கள் வீடு மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய லகாட்டில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானில், வரிசையின் கடைசி வீடு. கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கூடுதலாகக் கிடைத்தது. நிலம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். ஈயத்தைக் கழுவி எடுத்தவர்கள் மண்ணின் சத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மண்வெட்டியைப் போட்டால் வெள்ளை மணல்தான் வரும். முதலில் வைத்த கறிவேப்பிலை என்னிடம் கோபித்துக்கொண்டு செத்துப்போனது. நான் விடவில்லை, இன்னொன்று வைத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் எடுத்து நடத்துகிறேன். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், முட்டை ஓடு, மீன் அலசிய தண்ணீர் எல்லாம் மூடி போட்ட வாளிகளில் காரின் பின்னால் ஏறி வீட்டுக்கு வரும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் மூக்கைச் சுளிப்பார். நான் அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வருவேன்.

அந்த மணலில்தான் போன பொங்கல் முடிந்த கையோடு இரண்டு ரஸ்தாலிக் கன்றுகளை நட்டேன். ஒரே தாய்மரத்தின் அடியில் இருந்து வந்தவை. கொடுத்தவர் என் அண்ணன். ஆயர் தாவாருக்கு வெளியே, நாங்கள் பிறந்த தோட்டத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் பிறந்தபோது ரப்பராக இருந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. அண்ணன் வரும்போதெல்லாம் பாதி மக்கிய செம்பனைச் சக்கையை மூட்டை கட்டிக்கொண்டு வந்து என் வாழைக்குப் போடுவார். போட்டுவிட்டு என் மணலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

கணக்கு மிகவும் நெருக்கமான கணக்கு. வாழை பூவைத் தள்ளியதில் இருந்து காய் திரண்டு நிற்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். தை கடைசியில் குலை பச்சையாக, கொழுகொழுவென்று மண்டப வாசலில் நிற்க வேண்டும் என்றால் கார்த்திகை பிறந்த கையோடு பூ வெளியே வந்துவிட வேண்டும். முந்தினால் கல்யாணத்துக்குள் பழுத்து உதிரும். பிந்தினால் சுண்டுவிரல் மாதிரிக் காயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு மரமும் சேர்ந்து தள்ள வேண்டும். ஒற்றை மரத்தை எந்த வாசலில் கட்டுவது?

மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் தாதி. ஒரே பெண். மாப்பிள்ளைக்கு ஜொகூரில் வேலை. கல்யாணம் முடிந்ததும் இவளும் அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறாள். ஈப்போவில் பேருந்து ஏறினால் ஒரு பகல் முழுக்கத் தெற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால் வாழைக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுவேன். மழை பெய்து முடிந்த ஈரத்தில் கூடத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொன்னவர் எங்கள் பேராக் மாநிலத்தில் இருந்துதான் சொல்லியிருக்க வேண்டும். மத்தியானம் மூன்றடித்தால் மேற்கே மலைமேல் கறுத்துக்கொண்டு வரும். நான் கேண்டீனைச் சாத்திவிட்டு மழையோடு போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவேன். வருடத்தில் எனக்குப் பிடித்த மாதங்கள் இவைதான். எதை ஊன்றினாலும் பிடிக்கும். மரவள்ளிக் குச்சி மூன்றாம் நாள் கண் விழிக்கும். காய்ந்த மணல் கறுத்துப்போய்க் கையில் ஒட்டும். பாகற்கொடி வேலியில் ஏறி ஒரே வாரத்தில் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். காலையில் வெளியே போனால் எங்கே என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிவிடும்.

வேலையும் குறைவில்லை. வாழையின் காய்ந்த மட்டையை எல்லாம் அறுத்து அடியில் போட்டேன். சுற்றிலும் வந்த பக்கக் கன்றுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். அவற்றை விட்டுவைத்தால் தாயின் சத்தை உறிஞ்சிவிடும். தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் இருக்க லோங்காங் சாக்கடை வரைக்கும் ஒரு வாய்க்கால் இழுத்தேன். அடியில் மண்ணை அணைத்து, விறகுச் சாம்பலைத் தூவினேன். என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணுக்குக் கூட இவ்வளவு செய்யவில்லை என்று சொல்லிச் சிரித்தார். பெண்ணுக்குச் செய்வதுதான் இது என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பெரிய மரத்தின் உச்சியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கடைசியாக விரிந்த இலை குட்டையாக, முறம் அளவுக்குத்தான் இருந்தது. வாழை பூவைத் தள்ளப்போகிறது என்றால் கடைசி இலையைச் சின்னதாக விட்டு வழி கொடுக்கும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு நாள் கழித்து உச்சியில் கருஞ்சிவப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் கணவர் முழங்கால் வலியை மறந்து ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்துக் கையில் பாராங் கத்தியோடு வந்தார். மரத்தைக் காட்டினேன். கத்தியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு போய் எனக்கும் அவருக்கும் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மழைத்தூறலில் நின்றபடி வாழையைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

அந்தப் பூ மெல்லத் தலை குனிந்து வீட்டைப் பார்த்துச் சாய்ந்தது. அதாவது வடக்கே. மடல் ஒவ்வொன்றாகத் தூக்க, உள்ளே சீப்புச் சீப்பாகப் பிஞ்சு. நான் கேண்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடிக்கும்போதும் சீப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசிரியர்களில் ஒருவர் விடாமல் கைப்பேசியில் படத்தைப் பிடித்துக் காட்டினேன். பேரப்பிள்ளை பிறந்தவள் கூட அவ்வளவு அலட்டியிருக்க மாட்டாள்.

அடுத்த வாரம் சின்ன மரமும் சின்ன இலையைக் காட்டியது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குதித்தேன். இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக, கல்யாணத்துக்குக் கணக்காக. சம்பந்தியம்மாவுக்கு எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் இதைச் சொல்வது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். பூ வெளியே வந்து செங்குத்தாக நின்றது. இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் தலையைக் குனிந்தது. குனிந்த திசையைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

தெற்கே.

நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில், வாழை தெற்கே பார்த்துக் குலை தள்ளினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். தெற்கு எமனின் திசை. வீட்டில் ஒரு ஆள் குறையும் என்பார்கள். என் அம்மா காலத்தில் யாரும் யோசிக்கவே மாட்டார்கள், பிஞ்சோடு மரத்தை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். நான் கையில் கைப்பேசி வைத்திருப்பவள்தான், கார் ஓட்டுபவள்தான். ஆனாலும் மகள் கல்யாணம் என்று வரும்போது எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? வெட்டினால் கல்யாணத்துக்கு ஒற்றை மரம். வெட்டாவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வேலை செய்தேன். பூ குனிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, தண்டு இன்னும் முறுகவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் கிழக்கே திருப்பிவிடலாம் என்று தோன்றியது. கயிறு போட்டால் தண்டு அறுந்துவிடும். பழைய சேலை ஒன்றை அகலமாகக் கிழித்து, குலையின் கழுத்தில் சுற்றி, மறு முனையைக் கிழக்கே துணி காயப்போடும் கம்பத்தில் கட்டினேன். தினமும் ஒரு விரல் அளவுக்கு இழுத்து முடிச்சுப் போடுவேன். கையில் கிடைத்த சேலை சிவப்பு நிறம். அதுதான் நான் செய்த தப்பு.

எங்கள் நிலத்துக்குத் தெற்கே ஒரு கம்பிவேலி. அதற்கு அப்பால் ஒரு சீன ஆன்ட்டி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். நானும் அவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் என்னிடம் கறிவேப்பிலை கேட்பார், நான் அவரிடம் பாண்டான் இலை கேட்பேன். குலை அந்த வேலிக்கு மேலேதான் சாய்ந்திருந்தது. ஒரு நாள் காலை அவர் வேலியோரம் வந்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"சுடா டாப்பாட் கா?"

கிடைத்துவிட்டதா என்கிறார். என்ன கிடைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் சிவப்புச் சேலையைக் கண்ணால் காட்டினார். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இந்த ஊரில் வாழைமரத்தில் பேய் குடியிருக்கும் என்பது மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதில் சிவப்பு நூலைக் கட்டி வைத்தால் அந்தப் பேய் இறங்கி வந்து நாலு நம்பர் சொல்லும் என்பதும் தெரிந்த சங்கதிதான். மகள் கல்யாணத்துக்குக் குலையைத் திருப்புகிற நான், லாட்டரிக்குப் பேய் பிடிக்கிறவளாக ஆகிவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இல்லை ஆன்ட்டி, இது மகள் கல்யாணத்துக்கு என்று விளக்கினேன். கல்யாணம் எப்போது என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார். நானும் விஷயம் முடிந்தது என்று கேண்டீனுக்குப் போய்விட்டேன்.

அந்தத் தேதியைத்தான் அவர் லாட்டரி நம்பராக எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு ஆறுதல் பரிசும் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம், குலைக்கு நேர் கீழே, ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆரஞ்சுப் பழம் வேறு. ஆன்ட்டி ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். இந்த மரம் எங்கள் வீட்டைப் பார்த்துக் கும்பிடுகிறது, இதைத் தொடாதே, வெட்டாதே என்றார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் போகிற மோட்டார் சைக்கிள்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் வேகம் குறைந்தன. முன்பின் தெரியாத ஒருவர் நின்று, அக்கா, அடுத்த நம்பர் என்ன என்று மரியாதையாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் மணலில் விளைந்த மரமாயிற்றே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். தொலைபேசியில் நான்தான் குலை எந்தப் பக்கம் என்பதை உளறியிருந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் வரவில்லை, நேராகத் தோட்டத்துப் பக்கம் போனார். கையில் அவருடைய பாராங்.

"தெக்க பாத்து தள்ளுனத வச்சிக்கிட்டு இழுத்துக் கட்டுறியா?" என்றார். "நம்ம அம்மா இருந்தா சும்மா வுட்டுருப்பாளா? நவுரு. எனக்கு அந்தப் புள்ளதான் முக்கியம், வாழ இல்ல."

அவரைக் குறை சொல்ல முடியாது. மகளைச் சின்ன வயதில் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். நான் மரத்துக்கு முன்னால் நின்றேன். வேண்டாம் என்று வாயில் வரவும் இல்லை, வெட்டுங்கள் என்று சொல்லவும் மனசு இல்லை. அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி வந்துவிட்டார். பாராங்கைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மலாயில் பொரிந்து தள்ளினார். அதிர்ஷ்டத்தை யாராவது வெட்டுவார்களா, வேண்டுமானால் இந்த மரத்தை வேரோடு எனக்குக் கொடுத்துவிடு என்றார். அண்ணன் மலாயிலேயே, இது பெரிய துரதிர்ஷ்டம் ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாது என்றார். அதே குலை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் எமன், அந்தப் பக்கம் நின்றால் மகாலட்சுமி. என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மகள் வேலை முடிந்து வெள்ளைச் சீருடையோடு உள்ளே வந்தாள். மாமா கையில் பாராங், அம்மா கையில் சேலை முனை, வேலியில் ஆன்ட்டி, கீழே ஊதுவத்திப் புகை. ஒன்றும் புரியாமல் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். தெற்கே பார்த்தால் வீட்டில் ஆள் குறையும், அதனால் உன் அம்மா கிழக்கே இழுக்கிறாள், நான் வெட்டச் சொல்கிறேன் என்றார். அவள் சிரிப்பை நிறுத்தினாள். மரத்துக்குக் கிட்டே வந்து, சேலையையும் அது அழுத்திய இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, நானும் தெக்கதானே போறேன்," என்றாள். "என்னையும் இப்படித்தான் கட்டி இழுத்துக்கிட்டு இருக்கியா?"

வீட்டில் ஒரு ஆள் குறையும் என்றுதானே சொன்னார்கள். குறையத்தான் போகிறது. தை கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறாள். அதற்கு வாழை என்ன செய்யும்? கல்யாணத்துக்கு நாள் குறித்தவளே நான்தான். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையில் நின்று மண்ணை அணைத்ததும், வாய்க்கால் வெட்டியதும், அவள் போவதை நினைக்காமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அங்கேயே அழுதேன். ஆன்ட்டிக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் அவரும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிச்சு மழையில் நனைந்து இறுகிப்போயிருந்தது. என் நகத்தால் அவிழ்க்க முடியவில்லை. அண்ணன் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் பாராங்கின் முனையை முடிச்சுக்குள் விட்டுச் சேலையை அறுத்தார். குலை ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மெல்லத் தன் பழைய பக்கத்துக்கே திரும்பியது. ஆன்ட்டி கை தட்டினார்.

அதற்குப் பிறகு மார்கழி போனதே தெரியவில்லை. குலை கனத்துக்கொண்டே வந்தது. பெரிய மரத்துக்கு இரண்டு மூங்கிலைக் கவட்டையாகக் கட்டி முட்டுக் கொடுத்தோம். அணில் கடிக்காமல் இருக்கக் கேண்டீனில் இருந்து அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து இரண்டு குலைக்கும் சட்டை தைத்தேன். பூவை ஒடித்தால் காய் இன்னும் திரளும் என்றார் அண்ணன். கல்யாண மரத்துக்குப் பூவும் வேண்டும், வாழைப்பூ வடைக்கு நான் பசாரில் பூ வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் எதிர்வீட்டுத் தகரம் பறந்து லோங்காங்கில் விழுந்தது. நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் ஆன்ட்டி எனக்கு முன்னால் மழையில் நின்றுகொண்டிருந்தார். வேலியின் மேல் தன் தலையணை ஒன்றை வைத்து, அதன்மேல் சின்ன மரத்தின் குலையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். மழை விடும் வரைக்கும் தொப்பலாக நனைந்துகொண்டு பிடித்திருந்தோம். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த நாள் எனக்குச் சளி, அவருக்கும் சளி. மரத்துக்கு ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அண்ணன் மரங்களை அடியோடு வெட்ட, என் கணவரின் பழைய கூட்டாளி தன் லாரியில் ஏற்றினார். வெட்டுவதற்கு முன் ஆன்ட்டி வந்து சின்ன மரத்தின் அடியில் கடைசியாக ஒரு ஊதுவத்தி கொளுத்தினார். அண்ணன் அது எரிந்து முடியும் வரைக்கும் காத்திருந்தார். மரம் போன இடத்தில் பக்கக் கன்று ஒன்று இருந்தது. அதை மட்டும் நான் கார்த்திகையில் வெட்டாமல் விட்டிருந்தேன். அதைப் பெயர்த்து வேலிக்கு அந்தப் பக்கம் நட்டுக்கொடுத்தேன்.

மண்டப வாசலில் மரங்கள் நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இலை ஒன்றும் கிழியவில்லை. குலை இரண்டும் அடிவரை பச்சை, நுனியில் பூ. மாப்பிள்ளையின் அம்மா சாயங்காலம் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போனார். ஒரு காயை மெல்ல நகத்தால் கீறினார். பால் கசிந்தது. விரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

அலங்காரக்காரர் கயிற்றோடு நின்றுகொண்டு, குலை இரண்டும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்டிய மரத்தை யாரும் எந்தப் பக்கமும் திருப்பலாமே. இத்தனை நாள் சேலையும் கம்பமுமாக நான் பட்ட பாடு என்ன. வழக்கமாக இரண்டையும் வாசலைப் பார்த்துத்தான் கட்டுவோம், அக்கா என்றார் அவர்.

பெரிய மரத்தை அப்படியே கட்டச் சொன்னேன். சின்ன மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, ஜொகூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அலங்காரக்காரர் யோசித்துவிட்டு, கார் நிறுத்தும் இடத்துக்கு அப்பால், நெடுஞ்சாலை போகும் பக்கம் கையைக் காட்டினார்.

"இத மட்டும் அந்தப் பக்கம் பாத்தாப்புல கட்டுங்க."

என் அண்ணன் வந்து மரத்தை இரண்டு கையாலும் அணைத்து, தெற்கே திருப்பி, அலங்காரக்காரர் கட்டி முடிக்கும் வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.